உங்களுக்குத் தெரியுமா? புன்னகைக்கும் உண்டு அளவுகோல்!

● பல்வரிசை பார்ப்பவருக்கு எவ்வளவு அழகாகத் தோன்றுகிறது என்பதை ஆய்வாளர்கள் 100 மில்லிமீட்டர் நீளக் கோட்டில் அளக்கிறார்கள். ஒரு முனை ‘அழகே இல்லை’; மறுமுனை ‘மிக அழகு’. படத்தைப் பார்ப்பவர் தனக்குத் தோன்றும் இடத்தில் குறியிட்டால் அதுவே மதிப்பெண்.

● பிரிட்டனில் 1989-இல் வெளியான பல்சீரமைப்புத் தேவைக் குறியீட்டில் 10 பற்படங்கள் வரிசையாக இருக்கும். 12 வயதுப் பிள்ளைகளின் பற்படங்களைப் பல் மருத்துவர் அல்லாதவர்கள் மதிப்பிட்டதிலிருந்து உருவான வரிசை இது. தோற்றத்தைப் பொறுத்தவரை, ஒருவரின் பல்வரிசை முதல் 4 படங்களில் ஒன்றை ஒத்திருந்தால் சிகிச்சைத் தேவை குறைவு. 8 முதல் 10 வரை என்றால் சிகிச்சை நிச்சயம் தேவை.

● 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மேல் பல்வரிசை 1 மி.மீ. சாய்ந்திருந்தாலே பல்சீரமைப்பு நிபுணர்கள் கண்டுபிடித்துவிட்டனர். பொதுமக்களின் கண்ணுக்கு அது தெரிய 3 மி.மீ. சாய வேண்டியிருந்தது. மேல் பற்களின் நடுக்கோடு 4 மி.மீ. விலகியிருந்தும் அவர்கள் அதைக் கவனிக்கவில்லை!

● நிபுணரின் கண் வேறு, நம் கண் வேறு. அதனால், பிள்ளைக்குப் பல் கிளிப் போடும் முன் எது உறுத்துகிறது என்று பிள்ளையிடமே கேளுங்கள். அதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.