எல்லைக்கு இந்தப் பக்கம்

கெலமங்கலத்திலிருந்து ஓசூர் வழியாகக் கர்நாடக எல்லையைத் தாண்டினால், பேய் ஓட்டுகிறேன் என்று ஒருவரை அடிப்பவரைத் தண்டிக்க 2017-இல் இயற்றிய தனிச் சட்டம் இருக்கிறது. இந்தப் பக்கம், பெரியாரின் மண்ணில், அப்படி ஒன்று இல்லை. 1925-இல் பிறந்த சுயமரியாதை இயக்கம் நூறாண்டைத் தொட்ட நிலையில், பகுத்தறிவு அமைப்புகள் அடுத்த திட்டத்தை இந்த இடைவெளியிலிருந்துதான் வகுக்க வேண்டும். அந்த இயக்கம் தந்தவற்றில், கடவுள் மறுப்பு முழக்கத்தைவிட ஆழமாக வேரூன்றியது, 1967-இல் அண்ணா ஆட்சி சட்டமாக்கிய சுயமரியாதைத் திருமணம். அதற்கு யாரும் நாத்திகராக வேண்டியதில்லை. மகாராட்டிரத்தில் நரேந்திர தபோல்கர் போட்ட கணக்கும் இதுவே. 1989-இல் மூடநம்பிக்கை எதிர்ப்பு அமைப்பைத் தொடங்கிய அவர், பக்தியை அல்ல, பக்தியின் பெயரால் நடக்கும் ஏமாற்றைக் குறிவைத்தார். 2013 ஆகஸ்ட் 20-இல் புனேயில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சில நாட்களில் அந்த ஏமாற்றுக்கு எதிரான அவசரச் சட்டம் வந்தது, ஆண்டு முடிவதற்குள் முழுச் சட்டமும்.

இங்கும் அத்தகைய சட்டம் கேட்டால், மதத்தின் மீதான தாக்குதல் என்பார்கள். ஆனால் தண்டனை செயலுக்குத்தான், நம்பிக்கைக்கு அல்ல. சட்டம் மட்டும் மூடநம்பிக்கையை ஒழிக்காது என்ற மறுப்புதான் வலுவானது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதற்கு ஊர் ஊராக ஆள் வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் கெலமங்கலத்தில், தமிழில் மட்டும் அச்சடித்த துண்டறிக்கை எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேரும்?