அச்சச் சித்திரக்கதைகளின் மீள்பதிப்பும் தமிழ்ப் பனுவலும்

அச்சம் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்று. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கனை அதன் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் கூறுவர். இம்மெய்ப்பாட்டை முதன்மையாகக் கொண்டு இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த வடிவங்களுள் ஒன்று கறுப்பு வெள்ளைச் சித்திரக்கதையாகும். அக்கதைகள் பிற்காலத்தில் தொகுதிகளாக மீண்டும் அச்சேறின. அங்ஙனம் மீளும்பொழுது தமிழில் எது மீள்கிறது, எது மறைகிறது என்பது ஆராயத்தக்கது.

கறுப்பு வெள்ளையின் காரணம்

அமெரிக்கப் பதிப்பாளர்கள் 1954-இல் வகுத்துக்கொண்ட நெறிமுறை, இரத்தக் காட்டேரி, நடைபிணம் முதலியவற்றைச் சித்திரக்கதைகளினின்றும் விலக்கியது. வாரன் நிறுவனம் 'கிரீப்பி' (1964), 'ஈரி' (1966) ஆகியவற்றைப் பெரிய அளவுக் கறுப்பு வெள்ளை இதழ்களாக வெளியிட்டு, அந்நெறிமுறைக்குப் புறத்தே நின்றது. 2008 முதல் டார்க் ஹார்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'கிரீப்பி' தொகுதிகள் கதைகளோடு வாசகர் கடிதங்களையும் சேர்த்தே தந்தன. இதழ் முழுமையும் சான்றாகும் என்னும் கருத்து இதன்கண் அமைந்துள்ளது.

தமிழ்ச் சூழல்

சிவகாசியில் 1972-இல் தோன்றிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தின் 'வேலியன்ட்' இதழில் 1962-இல் தொடங்கிய 'ஸ்டீல் க்ளா' தொடரின் தமிழாக்கம் இது. ஓவியர் ஸ்பெயின் நாட்டவரான ஹெசூஸ் பிளாஸ்கோ. வலக்கை இழந்து எஃகுக் கை பொருத்தப்பெற்ற ஆய்வுக்கூட உதவியாளன், மின்னதிர்ச்சியால் உடல் மறைந்து, அக்கை மட்டும் புலப்படுபவனாகிறான். அணங்கின் தோற்றமும் கள்வனின் செயலும் அவனிடம் ஒன்றுகின்றன. வெற்றிடத்தில் மிதக்கும் தனிக்கையைக் காட்ட மை ஒன்றே போதுமானதாயிற்று. பின்னர் 1984-இல் லயன் காமிக்ஸும், அச்சச் சுவையைப் பெயரிலேயே கொண்ட திகில் காமிக்ஸ் 1986-இலும் வெளிவந்தன.

பெயராக்கமும் நடையும்

மூலப் பெயரின் 'உகிர்' தமிழில் 'கை' ஆயிற்று; எஃகு 'இரும்பு' ஆயிற்று. மூலத்தில் இல்லாத 'மாயாவி' என்னும் சொல் சேர்ந்தது. நாட்டார் கதைகளில் பழகிய அச்சொல், அறிவியற் கதைமாந்தனைத் தமிழ்ச் சிறுவர்க்கு அணுக்கமாக்கியது. மேலும், ஆங்கிலத்துக்கென வரைந்த உரையாடற் கூடு அளவில் மாறாதது. ஒட்டுகள் ஏற்று நீளும் தமிழ்ச் சொற்கள் அதனுள் அடங்குதல் அரிது. ஆகவே வினைமுற்றை விடுத்த குறுந்தொடர்களும், 'வீல்', 'கிறீச்' போன்ற ஒலிக்குறிப்புச் சொற்களும் மொழிபெயர்ப்பாளர்க்குத் துணையாயின.

மீள்பதிப்பின் சிக்கல்

மாயாவி கதைகள் தமிழில் பன்முறை மீள்பதிப்புப் பெற்றுள்ளன. 'காமிக்ஸ் கிளாசிக்ஸ்' என்னும் வரிசையே பழங்கதைகளுக்கென அமைந்தது. இத்தகு பதிப்புகளில் ஓவியம் அவ்வாறே மீள இயலும். உரையாடலோ புதிய எழுத்துருவில் மீண்டும் கோக்கப்படும்பொழுது திருத்தத்திற்கு இடமளிக்கிறது. ஓவியத்தின் மூலம் அயல்நாட்டில் உள்ளது, அழியினும் மீட்கலாம். தமிழ்ப் பனுவலோ மலிவான தாளில் அச்சான பழைய இதழ்களையன்றி வேறு மூலம் அற்றது.

முடிவுரை

சித்திரக்கதைத் தொகுதிகளில் தமிழர் படைத்த பகுதி மொழியே. எனவே மீள்பதிப்புகள் முதற்பதிப்பு ஆண்டையும் உரைமாற்றங்களையும் சுட்டுதல் வேண்டும். நூலகங்கள் முதல் இதழ்களைப் பொழுதுபோக்கு ஏடுகள் என ஒதுக்காது, மொழிபெயர்ப்பு வரலாற்றின் சான்றுகளாகப் பேணுதல் இன்றியமையாதது.