ஊரிழந்தோரும் ஊரேடும்

கண்டக்குழிக் கடற்கரைக்கு வடக்கே, கண்ணுக்கெட்டாத் தொலைவில் மன்னார்த் தீவு உள்ளது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் அத்தீவு வாழ் முஸ்லிம் மக்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊரினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரை சேர்ந்தனர். வடமாகாணம் முழுவதிலும் அவ்வாறு அகற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். தமிழே அவர்தம் தாய்மொழி. ஆதலின் அவர்தம் வரலாறு தமிழ் பயிலும் நமக்கும் உரியது.

வந்தோர் கொணர்ந்தவை சில பைகளே. வீட்டையும் தோணியையும் இழந்தமை அன்றே புலனாயிற்று. ஏடுகளை இழந்தமையோ பின்னரே புலனாயிற்று. 2009இல் போர் முடிந்தபின் மீளச் சென்றோருட் பலர், தம் நிலம் தமதே என நிறுவ வேண்டியபோது காணி உறுதியின் அருமையை உணர்ந்தனர். பள்ளிவாசற் பதிவேடும் பாடசாலை இடாப்பும் அத்தகையனவே.

அதனினும் பெரிய இழப்பொன்று உண்டு. புத்தளத்திற் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று முப்பது வயதைக் கடந்துவிட்டனர். பழைய ஊரின் கிணற்றுப் பெயர்களையும் தொழிற் சொற்களையும் பாட்டுகளையும் அறிந்த முதியோரோ ஒருவர்பின் ஒருவராய் மறைகின்றனர். ஏடு அழியினும் வேறொரு படி கிடைத்தல் கூடும். முதியவர் மறைந்தாற் படி ஏது?

இதற்குத் தக்க வழி சமுதாய ஆவணக் காப்பகமாகும். மக்கள் தம் ஏடுகளையும் நினைவுகளையும் தாமே திரட்டித் தாமே பேணுதல் என்பதே அதன் பொருள், பெருங்கட்டடம் வேண்டுவதன்று. 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் காத்து வருகின்றது. இந்துமாகடலின் சாகோஸ் தீவுகளிலிருந்து 1973அளவில் முற்றாக அகற்றப்பட்ட மக்கள், தம் பறையொலிப் பாட்டை அயல்நாட்டிலும் பேணினர். 2019இல் யுனெஸ்கோ அதனை உடனே காக்கப்படவேண்டிய மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

நம் மாணவர் செய்யத்தக்கன மூன்று. மூல ஏட்டை உடையவரிடமே விட்டுப் படியெடுத்து, பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்தல் ஒன்று. முதியோரின் பேச்சை அவர் இசைவு பெற்று அவர் வழக்கிலேயே பதிதல் மற்றொன்று. அதனைச் செந்தமிழாக்கித் திருத்தலாகாது. படிகளை ஓரிடத்தில் மட்டும் வையாமை மூன்றாவது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறு படியில்லாதவை மீளவேயில்லை.

விழாக்காலத்தில் நம் பழைய இடாப்பைப் புரட்டி, நம் பெயரைக் கண்டு மகிழ்கின்றோம். அம்மகிழ்ச்சியை இழந்தோர் நம் அயலிலேயே வாழ்கின்றனர். அன்னார்க்கு ஓர் ஏட்டையேனும் மீட்டுத்தருதல் கற்றோர் கடனன்றோ?