வானம் திறந்தால் விமானம்
மலைநாட்டுச் சிறு விமான நிலையங்களைப் பற்றி ஒரு விளக்கம்





நேபாளத்தின் மலைக் கிராமங்களில் நடைபெறும் மருத்துவப் பணியைக் கண்டுவர விரும்பும் அன்பர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் சில உண்டு. "அரைமணி நேர விமானத்திற்கு ஏன் மூன்று நாட்கள் ஒதுக்கச் சொல்லுகிறீர்கள்?" "டிக்கெட் கையில் இருந்தும் ஏன் ஏற்றிச் செல்ல மறுக்கிறார்கள்?" "மருந்துப் பெட்டி காட்மாண்டு வரை போய்ச் சேர்ந்துவிட்டதே, அப்புறம் ஏன் இத்தனை தாமதம்?" பெரிய நகரங்களின் விமான நிலையங்களையே கண்டு பழகிய நமக்கு இக்கேள்விகள் எழுவது இயல்பே. எவரெஸ்ட் மலையடிவாரத்திலுள்ள லுக்லா என்னும் சிறிய விமான நிலையத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவற்றிற்கு இந்த இதழில் பதில் சொல்ல விரும்புகிறோம்.

மருத்துவமனைக்காகப் பிறந்த ஓடுபாதை

இன்று லுக்லா என்றவுடன் மலையேறும் சுற்றுலாப் பயணிகளே நினைவுக்கு வருவார்கள். ஆனால் அந்த ஓடுபாதை அவர்களுக்காக உண்டாக்கப்பட்டதல்ல. 1953-ம் ஆண்டு டென்சிங் நார்கேயுடன் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த எட்மண்ட் ஹிலாரி, தமக்குத் தோள் கொடுத்த ஷெர்ப்பா மக்களை மறந்துவிடவில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டபடி 1961-ல் கும்ஜுங் கிராமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கட்டிக்கொடுத்தார். அடுத்து ஒரு மருத்துவமனை கட்டத் தீர்மானித்தபோது, பொருட்களைக் கொண்டுவருவதே பெரிய பிரச்சினையாயிற்று. அந்நாட்களில் காட்மாண்டுவிலிருந்து சுமைதூக்குவோர் ஏறக்குறைய இரண்டு வாரம் நடந்து வரவேண்டும்.

ஆகவே 1964-ம் ஆண்டு லுக்லாவில் ஒரு ஓடுபாதை அமைக்கப்பட்டது. கீழே சமமாயிருந்த விளைநிலத்தை விட்டுக்கொடுக்க விவசாயிகள் விரும்பாததால், மேலே மலைச் சரிவிலேயே இடம் வாங்கப்பட்டது. மண்ணை இறுக்குவதற்கு இயந்திரம் ஏதுமில்லை. ஷெர்ப்பா மக்கள் வரிசையாகக் கைகோத்துக் காலால் மிதித்து ஆடும் தங்கள் நடனத்தை ஆடியே அதைக் கெட்டிப்படுத்தினார்கள் என்பது அங்கே எல்லாரும் அறிந்த செய்தி. அந்த ஓடுபாதையின் உதவியால் 1966-ல் குண்டே கிராமத்து மருத்துவமனை எழும்பியது. லுக்லாவில் இறங்கி, அங்கிருந்து இரண்டு நாள் மேல்நோக்கி நடந்தால் குண்டே.

2001 வரை அது மண்ணும் சரளையுமான பாதைதான். அவ்வருடத்திலே தார் போடப்பட்டது. 2008-ல் அதற்கு டென்சிங்–ஹிலாரி விமான நிலையம் என்று பெயர் சூட்டப்பட்டது.

ஓடுபாதை ஏன் சரிந்திருக்கிறது?

சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதை மூன்றரை கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ளது. லுக்லாவின் ஓடுபாதை வெறும் 527 மீட்டர். ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. அதுவும் சமமாக இல்லை. கீழ் முனைக்கும் மேல் முனைக்கும் சுமார் 60 மீட்டர் உயர வித்தியாசம், அதாவது இருபது மாடிக் கட்டடத்தின் உயரம். கீழ் முனையில் ஆழமான பள்ளத்தாக்கு. மேல் முனையில் மதில், அதற்குப் பின் மலை.

இந்தச் சரிவு குறைபாடாகத் தோன்றலாம். உண்மையில் அதுவே அங்கு பெரிய உதவி. இறங்கும் விமானம் மேட்டை நோக்கி ஓடுவதால் அதன் வேகம் தானாகவே தணிகிறது. புறப்படும் விமானம் பள்ளத்தை நோக்கி ஓடுவதால் சீக்கிரமாக வேகம் பெறுகிறது. ஆகையால் எந்தக் காற்று வீசினாலும் கீழிருந்து மேலாகவே இறங்க வேண்டும், மேலிருந்து கீழாகவே புறப்பட வேண்டும். இறங்க வரும் விமானம் ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால், "மறுபடி ஒரு சுற்று வந்து பார்க்கலாம்" என்று மேலெழும்ப முடியாது. எதிரே மலை நிற்கிறது.

உயரமும் ஒரு காரணம். லுக்லா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்குதான். மெல்லிய காற்றில் இறக்கைகள் விமானத்தைத் தூக்குவதற்கு அதிக வேகம் வேண்டும். எஞ்சினின் வலிமையோ குறைந்துவிடும். எனவே ஏறக்குறைய 19 பேர் அமரக்கூடிய ட்வின் ஆட்டர், டார்னியர் போன்ற சிறு விமானங்களே அங்கு செல்லுகின்றன. ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. பெட்டியும் கைப்பையும் சேர்ந்து பொதுவாக 15 கிலோதான் அனுமதி. சில வேளைகளில் பயணியையே தராசில் நிறுத்திவிடுவார்கள். அதை அவமானமாக எண்ண வேண்டாம்.

விமானிக்கும் அளவுகோல் உண்டு. குறுகிய ஓடுபாதைகளில் நூறு முறையாவது விமானம் ஓட்டியிருக்க வேண்டும். நேபாளத்தில் ஓராண்டாவது அப்பணியில் இருந்திருக்க வேண்டும். பயிற்சியாளர் உடனிருக்க, பத்து முறையாவது லுக்லாவில் இறங்கியிருக்க வேண்டும். அதன் பின்னரே அங்கே தலைமை விமானியாகச் செல்லலாம்.

காலை வேளையே வேளை

பெரிய விமான நிலையங்களில் மூடுபனியிலும் கருவிகளின் உதவியால் விமானத்தை இறக்கிவிடுகிறார்கள். லுக்லாவில் அப்படிப்பட்ட கருவி அமைப்பு இல்லை. விமானி தம் கண்ணால் மலையையும் ஓடுபாதையையும் கண்டே இறங்க வேண்டும்.

அதிகாலையில் பள்ளத்தாக்கு அமைதியாக இருக்கும். வெயில் ஏற ஏற, சூடான காற்று மேலெழும்புகிறது. அதோடு ஈரமும் எழும்பி மேகமாகத் திரண்டு மலை இடுக்குகளை அடைத்துவிடுகிறது. காற்றின் வேகமும் கூடுகிறது. ஜோம்சோம் போன்ற ஊர்களில் முற்பகல் கழிந்தால் காளி கண்டகி பள்ளத்தாக்கின் வழியே பலத்த காற்று நாள்தோறும் வீசும். இதனால் மலைநாட்டு விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே ஓடி முடிந்துவிடுகின்றன. முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதித்தால் அதன் பின்னாலுள்ள அத்தனையும் தாமதிக்கும். கடைசி இரண்டு மூன்று விமானங்கள் அன்றைக்கு இல்லை என்றே ஆகிவிடும். மறுநாள் விமானத்தில் அன்றைய டிக்கெட் உள்ளவர்களுக்கே முதலிடம். நேற்று தவறவிட்டவர்கள் காலி இடத்திற்காகக் காத்திருக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் நாட்கணக்கில் ஒரு விமானமும் வராமல் போவதுண்டு.

"இன்று இல்லை" என்ற சொல்

நாங்கள் ஒருமுறை அங்கே இரண்டாம் நாளாகக் காத்திருந்தபோது, பயணிகள் சிலர் விமான அலுவலகத்து இளைஞரைச் சூழ்ந்துகொண்டு உரத்த குரலில் சத்தமிட்டார்கள். "எங்களுக்கு டெல்லியிலிருந்து அடுத்த விமானம் இருக்கிறது தெரியுமா?" என்றார் ஒருவர். அந்த இளைஞர் தலைகுனிந்து நின்றார். அதே அறையின் மூலையில் பெரியவர் ஒருவர் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருந்தார். காட்மாண்டுவிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அந்தச் சத்தம் யாருக்கும் நன்மை செய்யாது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். 2008 அக்டோபர் 8-ம் தேதி, மேகம் சூழ்ந்த வேளையில் லுக்லாவில் இறங்க முயன்ற ஒரு விமானம் ஓடுபாதைக்குச் சற்றுக் கீழே மலையில் மோதி 18 பேர் மாண்டார்கள். விமானி ஒருவரே பிழைத்தார். 2022 மே 29-ம் தேதி, பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சென்ற விமானம் மலையில் மோதி அதிலிருந்த 22 பேரும் உயிரிழந்தார்கள். அந்த வழியில் பயண நேரம் இருபது நிமிடம் அளவுதான்.

லுக்லா ஓடுபாதையை அமைத்த ஹிலாரியின் வீடும் இத்துயரத்திற்குத் தப்பவில்லை. 1975 மார்ச் 31 அன்று, பாப்லு என்னும் ஊரில் அவர் மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் செல்லுவதற்காகக் காட்மாண்டுவிலிருந்து ஒரு சிறு விமானத்தில் புறப்பட்ட அவருடைய மனைவி லூயிசும், 16 வயது மகள் பெலிண்டாவும், விமானம் எழும்பிய சிறிது நேரத்தில் விழுந்து மரித்தார்கள். அந்தப் பெருந்துக்கத்தின் பின்னும் அவர் மலைமக்களுக்கான பணியைக் கைவிடவில்லை.

இவற்றை உங்களைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. "இன்று இல்லை" என்று சொல்லும் அதிகாரம் விமானியிடமும் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலும் தடையின்றி இருக்க வேண்டும். பயணிகளின் கோபமும் அவசரமும் அதைத் தளர்த்திவிடக்கூடாது. இதற்காகவே எழுதுகிறோம். அந்த மறுப்பு நமக்கு இழப்புபோலத் தோன்றினாலும், அது உயிரைக் காக்கும் மறுப்பு.

பிரயாணப்படுவோர் கவனத்திற்கு

முதலாவது, போகும்போதும் திரும்பும்போதும் இரண்டு மூன்று நாட்களை உபரியாக ஒதுக்குங்கள். லுக்லாவிலிருந்து திரும்பும் அன்றோ மறுநாளோ ஊர் திரும்பும் விமானத்திற்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்.

இரண்டாவது, காட்மாண்டு விமான நிலையத்தின் நெருக்கடி காரணமாக, 2019 முதல் வசந்தகாலத்திலும் இலையுதிர்காலத்திலும் லுக்லா விமானங்கள் பலவும் ராமேசாப் மாவட்டத்து மந்தலியிலிருந்து புறப்படுகின்றன. அங்கே போக நான்கு ஐந்து மணி நேரம் சாலைப் பயணம். காலை விமானத்தைப் பிடிக்க நள்ளிரவு தாண்டியதும் கிளம்ப நேரிடும். முதியோர் முந்தின நாளே போய்த் தங்குவது நல்லது.

மூன்றாவது, நேபாளத்திற்கு விமானத்தில் செல்லும் இந்தியர் பாஸ்போர்ட்டையோ வாக்காளர் அடையாள அட்டையையோ கொண்டுபோக வேண்டும். உள்நாட்டு விமானத்தில் இந்தியருக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதற்கும் அந்த அடையாளச் சீட்டு தேவை.

நான்காவது, உடல்நலம். சமவெளியிலிருந்து ஒரே மூச்சில் 2,850 மீட்டர் உயரத்திற்குப் போகிறோம். முதல் நாள் ஓய்வெடுங்கள். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிஞ்சி ஏற்ற வேண்டாம். தலைவலியும் வாந்தியும் கண்டால் மேலே ஏறாதிருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, தாமதியாமல் கீழே இறங்கிவிடுங்கள். இருதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் புறப்படுமுன் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

ஐந்தாவது, மாத்திரைகள், மாற்று உடை ஒன்று, சிறிது ரொக்கப் பணம் ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். எடை மிஞ்சினால் பெட்டி அடுத்த விமானத்திலோ அடுத்த நாளோதான் வந்து சேரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நாம் விருந்தாளிகளாகப் போகிறோம். அந்த விமானம் ஊராருக்குப் பஸ்ஸும் ஆம்புலன்ஸும்போல. நோயாளி ஒருவர் இடமின்றி நிற்கக் கண்டால், "என் இடத்தை இவருக்குக் கொடுக்க முடியுமா?" என்று அலுவலகத்தில் கேளுங்கள். நமக்கு ஒரு நாள் தாமதம். அவருக்கு அது சிகிச்சை. உபரி நாட்களை வைத்திருப்பவரால்தான் இதைச் செய்ய முடியும்.

நீங்கள் அன்போடு அனுப்பும் பெட்டி மலையேறத் தாமதித்தால், அது அலட்சியத்தினால் அல்ல, வானம் திறவாததினால் என்று அறிந்துகொள்ளுங்கள். மலைநாட்டு விமானிகளையும், அதிகாலைக் குளிரில் ஓடுபாதையில் நிற்கும் ஊழியர்களையும், மேகம் விலகக் காத்திருக்கும் நோயாளிகளையும் உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைச் சாப்ளின்