அமெரிக்கக் கல்லூரி உதவிப் பணம்: கேட்டால்தான் கிடைக்கும்

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் அக்டோபர் பிறந்ததும் எழும் கேள்வி, "ஃபாஃப்சா போட்டாச்சா?" என்பது. கல்லூரிச் செலவுக்குக் கூட்டாட்சி அரசின் உதவி கேட்டு நிரப்பும் இலவச விண்ணப்பம் அது. பெல் மானியம், அரசுக் கடன், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் திட்டம் மூன்றுக்கும் அதுவே வாசல். பெரும்பாலான மாநிலங்களும் கல்லூரிகளும் தங்கள் சொந்த உதவித்தொகையைப் பிரித்துக் கொடுக்கவும் இதே விண்ணப்பத்தைத்தான் பார்க்கின்றன. "நம்ம வருமானத்துக்கு எங்கே கிடைக்கப்போகுது" என்று போடாமல் விடும் குடும்பம், மாநிலமும் கல்லூரியும் தரக்கூடியதையும் சேர்த்தே இழக்கிறது.

இந்த ஒரு தாளுக்கு இத்தனை அதிகாரம் எப்படி வந்தது? அரசுக் கல்லூரிகள் அங்கே மாநிலங்களுக்குச் சொந்தம். கட்டடமும் சம்பளமும் மாநில நிதியிலும் மாணவர் கட்டணத்திலும் நடக்கின்றன. வாஷிங்டனில் இருந்து வரும் படிப்புச் செலவுப் பணத்தில் பெரும்பகுதி, மாணவர் பெயரில் வந்து அவர் சேரும் கல்லூரிக்குப் போகிறது. இந்த ஏற்பாட்டுக்கு அடித்தளம் 1965-ம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம். அதிபர் லிண்டன் ஜான்சன் அதில் கையெழுத்திட்ட இடம், டெக்சாஸின் சான் மார்க்கோஸ் நகரில் அவரே படித்த அரசுக் கல்லூரி. ஏழைப் பிள்ளை என்பதற்காக ஒருவருக்குக் கல்லூரிக் கதவு மூடக்கூடாது என்பது அந்தச் சட்டத்தின் நோக்கம். ஆனால் பணம் மாணவர் பெயரில் வருவதால், விதி தெரியாமல் ஏமாறுகிறவரும் மாணவரே.

1972-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, திருப்பிக் கட்டவேண்டாத அடிப்படை மானியம் ஒன்று பிறந்தது. அதற்காகப் பாடுபட்ட ரோட் ஐலண்ட் செனட்டர் கிளெய்பார்ன் பெல்லின் பெயர் 1980-ல் அதற்குச் சூட்டப்பட்டது. எழுபதுகளின் நடுவில், நான்காண்டு அரசுக் கல்லூரியில் தங்கிப் படிக்க ஆகும் மொத்தச் செலவில் முக்கால் பங்குக்கு மேல் அந்த மானியம் தாங்கியது. இன்று மூன்றில் ஒரு பங்கைக்கூட அது தொடுவதில்லை. 2025-26 கல்வியாண்டில் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். மானியம் விலைவாசியோடு ஏறவில்லை. 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மாநிலங்கள் கல்லூரி நிதியை வெட்ட, கட்டணம் ஏறியது. இடையில் விழுந்த பள்ளத்தைக் கடன் நிரப்பியது. இப்போது 4 கோடிக்கும் அதிகமான அமெரிக்கர் தலையில் கூட்டாட்சிக் கல்விக் கடன் இருக்கிறது. மொத்தம் 1.6 லட்சம் கோடி டாலருக்கு மேல்.

2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட 'ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்' சட்டம் இந்தக் கடன் முறையை அடியோடு மாற்றியிருக்கிறது. முக்கிய மாற்றங்கள் பலவற்றுக்கு 2026 ஜூலை 1 தான் தொடக்க நாள். இளநிலைப் பட்டம் படிக்கும் மாணவர் தன் பெயரில் வாங்கும் கடனின் உச்சவரம்பில் மாற்றமில்லை: பெற்றோரைச் சார்ந்தவருக்கு முதல் ஆண்டு 5,500 டாலர், மொத்தமாக 31,000 டாலர். மாற்றத்தின் சூடு விழுவது பெற்றோர் மீதும் முதுநிலை மாணவர் மீதும்.

முன்பு பிள்ளையின் கல்லூரிச் செலவில் பிற உதவி போக மீதி எவ்வளவோ அவ்வளவையும் 'பேரன்ட் பிளஸ்' கடனாகப் பெற்றோர் வாங்க முடிந்தது. இனி ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலரோடு சரி. முதுநிலை மாணவருக்கான 'கிராட் பிளஸ்' கடன் புதிதாக வாங்குவோருக்கு இல்லவே இல்லை. அவர்களுக்கு ஆண்டுக்கு 20,500, மொத்தம் 1 லட்சம் டாலர். மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம். எது தொழிற்படிப்பு என்ற வரையறையில்தான் பெரிய சண்டை மூண்டது. கல்வித் துறை அமைத்த விதிமுறைக் குழு 2025 நவம்பரில் ஒப்புக்கொண்ட வரையறையில் செவிலியப் படிப்பு இடம்பெறவில்லை. மருத்துவமனைகள் செவிலியர் பற்றாக்குறையில் திணறும் நாட்டில் இது தவறான கணக்கு. புதிய மாணவருக்குச் செவிலிய முதுநிலைப் பட்டம் எட்டாமல் போனால், நாளை அந்தப் பாடத்தை நடத்தவும் ஆள் இருக்காது.

வரம்புகள் வந்தால் கல்லூரிகள் கட்டணத்தைக் குறைக்கும் என்பது சட்டத்தை ஆதரிப்பவர்கள் வாதம். குறையும்வரை காத்திருக்க முடியாத மாணவர் தனியார் கடனைத்தான் தேடிப் போவார். ஆபத்து அங்கே இருக்கிறது. வருமானத்துக்கேற்பக் குறையும் தவணை, அரசு வேலையிலும் லாபநோக்கற்ற அமைப்பிலும் பத்தாண்டு பணியாற்றித் தவணை கட்டியவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி ஆகியவை கூட்டாட்சிக் கடனுக்கு மட்டுமே உரியவை. தனியார் கடனுக்குப் பெரும்பாலும் வீட்டிலிருந்து ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டியிருக்கும். பிள்ளை கட்டாவிட்டால் அப்பாவோ சித்தப்பாவோ கட்டவேண்டும். அரசுக் கடனை முழுவதும் எடுத்துத் தீர்த்த பிறகே தனியார் கடன் பக்கம் போகவேண்டும் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

கல்லூரி அனுப்பும் உதவிக் கடிதத்தைப் படிப்பதே ஒரு திறமை. சில கடிதங்களில் மானியமும் கடனும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும். கீழே 'மொத்த உதவி' என்று பெரிய எழுத்தில் ஒரு தொகை. திருப்பிக் கட்டவேண்டாத தொகையை மட்டும் தனியே கூட்டி, அதைப் படிப்பு, விடுதி, சாப்பாடு, புத்தகம் சேர்ந்த முழுச் செலவிலிருந்து கழிக்கவேண்டும். மீதி வருவதுதான் குடும்பத்தின் உண்மையான சுமை.

அந்தச் சுமை தாங்காது என்றால் முறையிட வழி உண்டு. பலருக்கும் தெரியாத உரிமை இது. ஃபாஃப்சா இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமானத்தைப் பார்க்கிறது. 2026-27-க்கு விண்ணப்பித்தவர் காட்டவேண்டியது 2024 வருமானம். இடையில் அப்பாவின் வேலை போயிருக்கலாம், அம்மாவுக்குப் பெரிய மருத்துவச் செலவு வந்திருக்கலாம், பெற்றோர் பிரிந்திருக்கலாம். கல்லூரியின் நிதியுதவி அதிகாரி இவற்றைப் பரிசீலித்து வருமானக் கணக்கை மாற்றியமைக்கச் சட்டம் அதிகாரம் தந்திருக்கிறது. பணிநீக்கக் கடிதம், மருத்துவமனை ரசீது போன்ற சான்றுகளோடு எழுத்துமூலம் கேட்கவேண்டும். கொடுமை தாங்காமல் வீட்டைவிட்டு வெளியேறிய மாணவர், பெற்றோர் வருமானத்தைக் காட்டாமலே உதவி பெறவும் இதே அதிகாரிதான் முடிவெடுப்பார். அவர் மறுத்தால் கல்வித் துறைக்கு மேல்முறையீடு செய்ய முடியாது. அதனால் முதல் மனுவையே ஆதாரம் குறையாமல் கொடுப்பது முக்கியம்.

படிப்பை நடுவில் விடுவதில் இருக்கும் கண்ணி இன்னும் கொடியது. பருவத்தின் 60 சதவீத நாட்கள் முடியுமுன் எல்லாப் பாடங்களிலிருந்தும் விலகினால், பெற்ற கூட்டாட்சி உதவியில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும். பதினைந்து வாரப் பருவம் என்றால் ஏறக்குறைய ஒன்பதாவது வாரம்தான் எல்லை. ஆறாவது வாரத்தில் உடம்பு முடியாமல் கிளம்பும் மாணவருக்குப் பட்டமும் இருக்காது. கல்லூரிக்குக் கட்டவேண்டிய பாக்கி மட்டும் வந்து சேரும். விலகல் படிவத்தில் கையெழுத்திடும் முன் நிதியுதவி அலுவலகத்தில் ஒருமுறை பேசினால், எவ்வளவு தொகை திரும்பும் என்று கணக்குப் போட்டுச் சொல்வார்கள். மதிப்பெண் குறைந்து உதவி நின்றுபோனவருக்கும், நோய் அல்லது குடும்பத்தில் மரணம் காரணம் என்றால், முறையீட்டுக்குக் கல்லூரிகள் இடம் தருகின்றன.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் குழப்பம் வருவது விசாவில். எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் பிள்ளை அங்கேயே பிறந்த குடிமகன் என்றால், அவருக்குக் கூட்டாட்சி உதவி கேட்க முழு உரிமை உண்டு. பெற்றோரின் விசா அதைத் தடுக்காது. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரும் இணையக் கணக்கு தொடங்கி விண்ணப்பத்தில் தங்கள் பகுதியை நிரப்பலாம். பச்சை அட்டைக்காரரும், புகலிடம் வழங்கப்பட்டவரும் தகுதியுள்ளவர்களே. புகலிடம் பெற்ற ஈழத் தமிழர் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். எச்-1பி பெற்றோரைச் சார்ந்து எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைக்கோ, மாணவர் விசாவில் சென்னையிலிருந்து போனவருக்கோ கூட்டாட்சி உதவி கிடையாது. எச்-4 பிள்ளைகள், வளர்ந்த மாநிலத்தில் உள்ளூர்க் கட்டணத்துக்குத் தகுதி உண்டா என்பதைக் கல்லூரியிடம் கேட்டறியவேண்டும். விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது.

சமூகப் பாதுகாப்பு எண் பிரச்சினை பலரின் ஓராண்டைத் தின்ற வரலாறும் உண்டு. 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டப்படி எளிமையாக்கப்பட்ட ஃபாஃப்சா, மூன்று மாதம் தாமதமாக 2023 டிசம்பர் இறுதியில் வந்தது. அந்த எண் இல்லாத பெற்றோரின் பிள்ளைகளால் தொடக்கத்தில் அதை முடிக்கவே முடியவில்லை. பணவீக்கத்தைக் கணக்கில் சேர்க்காத பிழையும் இருந்தது. அதைத் திருத்தியபோது மாணவருக்குச் சேரவேண்டிய உதவி 180 கோடி டாலர் கூடியது. கல்லூரிகளுக்கு விவரம் போய்ச் சேரவே 2024 மார்ச் ஆகிவிட்டது. அதன் விளைவாக, ஃபாஃப்சா ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் வெளிவந்தாக வேண்டும் என்று 2024-ல் தனிச்சட்டமே வந்தது.

கடன் வாங்கி முடித்தவருக்கு இனி வருவது தவணைக் காலம். 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் மாணவருக்கு இரண்டே வழிகள்: நிலையான தவணை, அல்லது 'ரேப்' எனப்படும் வருமானம் சார்ந்த தவணை. ஆண்டுக்கு 45,000 டாலர் சம்பாதிப்பவர் ரேப் திட்டத்தில் வருமானத்தில் 4 சதவீதம், அதாவது மாதம் 150 டாலர் கட்டவேண்டும். பராமரிக்கும் பிள்ளை ஒன்றுக்கு 50 டாலர் கழியும். தவணை வட்டிக்குப் போதாவிட்டால் மீதி வட்டியை அரசு தள்ளுபடி செய்யும். இது நல்ல அம்சம். ஆனால் எவ்வளவு குறைந்த வருமானம் என்றாலும் மாதம் 10 டாலராவது கட்டியாகவேண்டும். மிச்சக் கடன் தள்ளுபடியாக 30 ஆண்டு காத்திருக்கவேண்டும். புதிய பேரன்ட் பிளஸ் கடனுக்கு ரேப் கிடையாது.

270 நாள் கட்டாமல் விட்டால் அது வாராக் கடன். நீதிமன்ற உத்தரவு இல்லாமலே சம்பளத்தில் 15 சதவீதம் வரை பிடிக்கவும், வருமானவரித் திருப்புத்தொகையை எடுத்துக்கொள்ளவும் அரசுக்குச் சட்டத்தில் இடமுண்டு. கொரோனா காலத்தில் நிறுத்தப்பட்ட கட்டாய வசூலை 2025 மே 5 முதல் மீண்டும் தொடங்குவதாகக் கல்வித் துறை அறிவித்தது. சம்பளத்தில் கைவைக்கும் முன் 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். அந்த 30 நாளுக்குள் விசாரணை கோரும் உரிமை கடனாளிக்கு இருக்கிறது. கடிதத்தைப் பிரிக்காமல் மேசையில் போடுகிறவர் இழப்பது இந்த உரிமையை. பத்து மாதத்தில் ஒன்பது தவணை ஒழுங்காகக் கட்டிக் கடனைச் சீராக்கிக்கொள்ளும் வழியும் உண்டு. ஒருமுறை மட்டும் இருந்த அந்த வாய்ப்பு 2027 ஜூலையிலிருந்து இரண்டு முறையாகிறது.

இந்தப் பயத்தைக் காசாக்கும் கூட்டமும் இருக்கிறது. "உங்கள் கடனை ரத்து செய்து தருகிறோம், இன்றே முன்பணம் கட்டுங்கள்" என்று தொலைபேசியில் வருகிறவர்களை நம்பக்கூடாது. வேலை முடியும் முன் கட்டணம் வாங்குவதே சட்டவிரோதம். அரசுத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் கல்வித் துறையிடம் இலவசமாக விண்ணப்பிக்கலாம்.

கல்லூரியே ஏமாற்றினால்? பொய்யான வேலைவாய்ப்பு எண்ணிக்கை காட்டி ஆள்சேர்த்த கொரிந்தியன் கல்லூரிகள் 2015-ல் மூடப்பட்டன. அங்கே படித்த 5.6 லட்சம் பேரின் 580 கோடி டாலர் கடனை 2022 ஜூனில் கல்வித் துறை ரத்து செய்தது. ஏழு ஆண்டு இழுத்தாலும், பாதிக்கப்பட்டவர்கள் விடாமல் போட்ட மனுக்கள்தான் அதைச் சாத்தியமாக்கின. விளம்பரத் துண்டு, மின்னஞ்சல், கட்டண ரசீது எதையும் மாணவர் தூக்கி எறியக்கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

சட்டம் எழுதப்படும் இடத்திலும் மாணவர் குரல் எடுபடும். 2025 மே மாதம் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய வரைவில், முழு பெல் மானியம் பெற ஆண்டுக்கு 24-க்குப் பதில் 30 கிரெடிட் எடுக்கவேண்டும் என்றும், பாதிநேரத்துக்கும் குறைவாகப் படிப்பவருக்கு மானியமே இல்லை என்றும் இருந்தது. பகலில் வேலை பார்த்து மாலையில் சமுதாயக் கல்லூரிக்கு வரும் இளம் தாய்மார்களும் தொழிலாளிகளும் முதலில் அடிபட்டிருப்பார்கள். கல்லூரி அமைப்புகளும் மாணவர் அமைப்புகளும் எதிர்த்தன. செனட் அந்தப் பிரிவை நீக்கியது. இறுதிச் சட்டத்தில் அது இல்லை. பெல் நிதிப் பற்றாக்குறைக்காக 1,050 கோடி டாலரும் சேர்க்கப்பட்டது.

ஆனாலும் பெல் மானியத்தின் உச்சவரம்பு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீட்டு மசோதாவில்தான் முடிவாகிறது. 2026 நிதியாண்டுக்கு வெள்ளை மாளிகை கேட்டது 7,395 அல்ல, 5,710 டாலர். அங்கே வாக்குரிமை உள்ள தமிழர்கள், தங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒதுக்கீட்டு மசோதா வாக்கெடுப்புக்கு வரும் முன்பே பேசுங்கள். அரசுக் கல்லூரியில் படிக்கும் உங்கள் பிள்ளையின் கணக்கை, டாலர் தொகையோடு சொல்லுங்கள்.