மச்சு பிச்சுவுக்கு 4 நாள் நடை: பெர்மிட் கிடைச்சா மட்டும் போதுமா?

ரீல்ஸில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். பனிமூட்டம் மெல்ல விலகுகிறது. பச்சை மலையின் முதுகில் கல்லால் கட்டிய ஓர் ஊர் தெரிகிறது. யாரோ ஒருவர் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறார். பதினைந்து நொடியில் வீடியோ முடிந்துவிடும்.

தென் அமெரிக்க நாடான பெருவில் இருக்கும் மச்சு பிச்சுதான் அது. அடிவாரம் வரை ரயில், அங்கிருந்து வாசல் வரை பஸ் என்று காலாட்டாமலே போய் வரலாம். இருந்தும் தினமும் சிலர் அந்த வசதியை விட்டுவிட்டு, சுமார் 43 கி.மீ. தூரத்தை நாலு நாள் நடந்து கடக்கிறார்கள். இந்த 'இன்கா ட்ரெயில்' உலகின் பிரபலமான ட்ரெக்கிங் பாதைகளில் ஒன்று.

"பக்கெட் லிஸ்ட்ல இருக்கு, ஒருநாள் போயிடணும்" என்று நினைப்பவரா நீங்கள்? டிக்கெட் விலை தேடுவதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று உங்கள் மூச்சு பற்றியது. இன்னொன்று இன்னொருவரின் முதுகு பற்றியது.

இது என்ன பாதை?

15-ம் நூற்றாண்டில் இன்கா பேரரசு இன்றைய கொலம்பியா எல்லையிலிருந்து சிலி, அர்ஜென்டினா வரை பரவியிருந்தது. சக்கர வண்டி கிடையாது. குதிரை கிடையாது. இரும்புக் கருவியும் கிடையாது. ஆனால் ஆண்டிஸ் மலைத்தொடர் முழுக்க சுமார் 30,000 கி.மீ. நீளத்துக்குச் சாலைகளைப் பின்னியிருந்தார்கள். 'சாஸ்கி' எனப்பட்ட ஓட்டத் தூதர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி வாங்கி இந்தச் சாலைகளில் செய்தி கொண்டுபோனார்கள். இந்தச் சாலை வலையமைப்புக்கு 'கபாக் நியான்' என்று பெயர். ஆறு நாடுகள் சேர்ந்து விண்ணப்பித்து, 2014-ல் இது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது.

அந்த வலையின் சிறு இழைதான் நாம் பேசும் பாதை. இன்கா மன்னர் பச்சகூட்டிக்காகக் கட்டப்பட்ட அரச இருப்பிடம்தான் மச்சு பிச்சு என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அங்கே கிடைத்த எலும்புகளைக் கார்பன் காலக்கணிப்புக்கு உட்படுத்தி 2021-ல் வெளியான ஆய்வு, 1420-களிலேயே அங்கு மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்று காட்டியது.

'1911-ல் அமெரிக்கப் பேராசிரியர் ஹைரம் பிங்கம் கண்டுபிடித்தார்' என்று பொது அறிவுப் புத்தகங்களில் படித்திருப்போம். உண்மையில் அவரை அந்தப் பக்கம் கூட்டிப்போனவர் மெல்கோர் ஆர்தியாகா என்ற உள்ளூர் விவசாயி. இடிபாடுகளுக்கு நடுவே அப்போது விவசாயக் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன. 1902-லேயே அகுஸ்தின் லிசாராகா என்பவர் அங்குள்ள சுவரில் தன் பெயரை எழுதிவிட்டுப் போயிருந்தார். பிங்கம் செய்தது, அந்த இடத்தை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது.

தனியா போக முடியாதா?

முடியாது. 1990-கள் வரை யார் வேண்டுமானாலும் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம், எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடலாம் என்ற நிலைதான் இருந்தது. குப்பை குவிந்தது, கல் படிகள் தேய்ந்தன. 2001-ஐ ஒட்டி பெரு அரசு விதிகளை இறுக்கியது. இன்று அரசு அங்கீகரித்த நிறுவனம், உரிமம் பெற்ற கைடு இல்லாமல் பாதைக்குள் கால் வைக்க முடியாது.

ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. இதைப் படித்ததும் '500 டூரிஸ்ட்டா, பரவாயில்லையே' என்று தோன்றும். இல்லை. கைடுகள், சமையல்காரர்கள், சுமை தூக்குபவர்கள் எல்லோரும் இந்த 500-க்குள் அடக்கம். பயணிகளுக்குக் கிடைப்பது சுமார் 200 இடங்கள்தான். மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட மாதங்களுக்கு, பல மாதங்களுக்கு முன்பே இடங்கள் தீர்ந்துவிடும்.

பெர்மிட் உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண் இரண்டோடும் கட்டப்பட்டது. "நான் வரல, என் ஃப்ரெண்டு போகட்டும்" என்று மாற்றிக்கொடுக்க முடியாது. ஒரிஜினல் பாஸ்போர்ட் இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்டவும் முடியாது.

பிப்ரவரியில் பாதைக்கு விடுமுறை. உச்ச மழைக்காலம் என்பதால் பராமரிப்புக்காக மாதம் முழுக்க மூடிவிடுகிறார்கள். அந்த மழை சாதாரணமானதல்ல. 2010 ஜனவரியில் வெள்ளத்தில் ரயில் பாதை அடித்துச் செல்லப்பட்டது. மச்சு பிச்சு அடிவாரத்தில் சிக்கிய ஆயிரக்கணக்கான பயணிகளை ஹெலிகாப்டரில்தான் மீட்டார்கள்.

நாலு நாளில் என்ன நடக்கும்?

முதல் நாள்: குஸ்கோவிலிருந்து வரும் ரயில் பாதையின் 82-வது கிலோமீட்டர்தான் தொடக்கம். உயரம் சுமார் 2,700 மீட்டர். ஆற்றோரமாக, பெரிய ஏற்றம் இல்லாத நடை. வழியில் மேட்டிலிருந்து பதாயாக்தா என்ற பழைய ஊரின் படிக்கட்டு வயல்கள் தெரியும். 3,000 மீட்டரில் வையாபம்பா பகுதியில் முகாம்.

இரண்டாம் நாள்: இதுதான் எல்லோரும் பயப்படும் நாள். ஒரே மூச்சில் சுமார் 1,200 மீட்டர் ஏறி, 4,215 மீட்டர் உயரமுள்ள வார்மிவான்யுஸ்கா கணவாயைத் தாண்ட வேண்டும். கெச்சுவா மொழியில் 'இறந்த பெண்' என்று அர்த்தம். தூரத்திலிருந்து பார்த்தால் மலை முகடு படுத்திருக்கும் பெண்ணைப்போலத் தெரிவதால் வந்த பெயர். யாரும் பயப்பட வேண்டாம். அந்தப் பக்கம் இறங்கி, சுமார் 3,600 மீட்டரில் தூக்கம்.

மூன்றாம் நாள்: நீளமான நாள், ஆனால் அழகான நாள். ருங்குராகாய், சயாக்மார்கா, 'மேகங்களின் உயரத்திலுள்ள ஊர்' எனப் பெயர்கொண்ட புயுபாதாமார்கா, வின்யாய் வைனா என்று அடுத்தடுத்து இடிபாடுகள். பஸ்ஸில் வருபவர்கள் இவற்றைப் பார்க்க வாய்ப்பே இல்லை. ஆயிரக்கணக்கான கல் படிகள் கீழே இறங்கும். முழங்கால் கெஞ்சும்.

நாலாம் நாள்: அதிகாலை மூன்றரை மணிக்கே எழுப்பிவிடுவார்கள். சாவடி திறந்ததும் நடந்தால், இண்டிபுங்கு எனப்படும் சூரிய வாசல். அங்கிருந்து கீழே மச்சு பிச்சு, 2,430 மீட்டரில். ஆமாம், நீங்கள் இறங்கித்தான் போகிறீர்கள்.

மூச்சு ஏன் திணறுது?

'மேலே போனா ஆக்சிஜன் சதவீதம் குறையும்' என்று பலரும் சொல்வார்கள். அது தவறு. காற்றில் ஆக்சிஜன் எங்கும் சுமார் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். 4,200 மீட்டரில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். அதாவது ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது.

உடல் உடனே வேகமாக மூச்சு விட ஆரம்பிக்கும். அதனால் கார்பன் டை ஆக்சைடு அதிகம் வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை கூடும். 'போதும், மூச்சைக் குறை' என்று மூளை பிரேக் போடும். குறிப்பாகத் தூக்கத்தில். இதைச் சிறுநீரகம் சரிசெய்ய சில நாள்கள் ஆகும். உயரத்துக்குப் பழகுதல் என்பதில் முக்கியமான வேலை இதுதான். டயாமாக்ஸ் மாத்திரை இந்த வேலையை வேகப்படுத்துகிறது. ஆனால் சல்ஃபா அலர்ஜி உள்ளவர்களுக்கு அது ஆகாமல் போகலாம் என்பதால், டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம்.

சிக்கல் ட்ரெக்கிங் தொடங்கும் முன்பே ஆரம்பித்துவிடுகிறது. கடலோர நகரமான லிமாவில் விமானம் ஏறினால், ஒன்றரை மணி நேரத்துக்குள் 3,400 மீட்டர் உயரத்திலுள்ள குஸ்கோவில் இறங்குவீர்கள். கிட்டத்தட்ட லடாக்கின் லே நகர உயரம். எனவே நடைக்கு முன் இரண்டு, மூன்று நாள்களாவது அங்கே தங்குவது அவசியம். விமான நிலையத்திலிருந்து நேராக 2,800 மீட்டரிலுள்ள ஒய்யாந்தாய்தாம்போ பக்கம் இறங்கி, முதல் இரவுகளை அங்கே கழிப்பது இன்னும் நல்லது.

ஹோட்டலில் கோகா இலைத் தேநீர் தருவார்கள். பெருவில் அது சட்டப்படி சரி, அந்த மக்களின் பண்பாட்டோடு கலந்தது. ஆனால் 'நல்லா இருக்கே' என்று ஒரு பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்துவிடாதீர்கள். இந்தியாவில் கோகா இலை போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது.

ஜிம் பாடி காப்பாத்துமா?

காப்பாற்றாது. கால் வலிக்காமல் இருக்க உடற்பயிற்சி உதவும். மலை நோய் வருமா வராதா என்பதை அது தீர்மானிப்பதில்லை. சொல்லப்போனால், ஃபிட்டாக இருப்பவர்கள் வேகமாக ஏறிவிட்டு மாட்டிக்கொள்வதும் உண்டு.

தலைவலியோடு வாந்தி உணர்வு, அசதி, தலைச்சுற்றல் என்று ஏதாவது ஒன்று சேர்ந்தால், வேறு காரணம் தெரியும்வரை அதை மலை நோயாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயே ஓய்வெடுங்கள், மேலே ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சு குழறினால் மூளை வீங்கியிருக்கலாம். இரண்டும் உயிரைப் பறிக்கக்கூடியவை. இரண்டுக்கும் முதல் வைத்தியம், உடனே கீழே இறங்குவது.

இந்தப் பாதையில் அதற்கு ஒரு கெடு இருக்கிறது. இரண்டாம் நாள் காலை வரை திரும்புவது எளிது. வந்த வழியே இறங்கலாம். கணவாயைத் தாண்டிவிட்டால் நிலைமை மாறிவிடும். திரும்ப வேண்டுமென்றால் மறுபடி 600 மீட்டர் ஏற வேண்டும். முன்னே போனாலும் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில் இன்னொரு கணவாய். நடுவில் சாலையே கிடையாது.

ஆகவே முக்கியமான கேள்வி இரண்டாம் நாள் காலையில் கைடு கேட்கும் "எப்படி இருக்கீங்க?"தான். இவ்வளவு செலவு செய்து வந்தாச்சு, மற்றவர்கள் முன்னால் அசிங்கமாகிவிடும் என்று பலர் தலைவலியை மறைக்கிறார்கள். அங்கே பொய் சொல்லாதீர்கள். கைடுக்கு நீங்கள் பணம் கொடுப்பது வரலாறு சொல்ல மட்டுமல்ல, 'நீங்கள் திரும்பிவிடுங்கள்' என்று சொல்லவும்தான்.

சுமை யார் முதுகில்?

கூடாரம், அடுப்பு, கேஸ் சிலிண்டர், நாலு நாள் சாப்பாடு, மேசை, நாற்காலி. எல்லாம் மனிதர்களின் முதுகில்தான் போகின்றன. கழுதை, லாமா எதையும் சுமைக்கு அனுமதிப்பதில்லை. போர்ட்டர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டார மலைக் கிராமங்களைச் சேர்ந்த, கெச்சுவா பேசும் விவசாயிகள். காலையில் நீங்கள் கிளம்பிய பிறகு கூடாரத்தைப் பிரித்து மடித்து, உங்களை ஓட்டமாக முந்திப்போய், நீங்கள் வருவதற்குள் சமையலை முடித்திருப்பார்கள்.

முன்பு 40 கிலோவுக்கு மேல்கூடச் சுமந்தார்கள். 2001-ல் வந்த போர்ட்டர் சட்டம் 20 கிலோ என்று வரம்பு வைத்தது. சாவடியில் மூட்டையை எடை போடுகிறார்கள். 2022-ல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டமும் வந்தது. ஆனால் சட்டம் இருப்பதும் அது மலைமேல் நடைமுறையில் இருப்பதும் வேறு வேறு. பேக்கேஜ் விலை மிகவும் மலிவாக இருந்தால், அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். சம்பளத்திலோ, சாப்பாட்டிலோ, இரவில் படுக்கும் இடத்திலோ கைவைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் நாலு கேள்வி கேளுங்கள்: போர்ட்டருக்கு ஒரு நாள் சம்பளம் எவ்வளவு? அவர்கள் தூங்கக் கூடாரமும் பாயும் உண்டா? ஷூ, மழைக்கோட்டு யார் தருகிறார்கள்? காப்பீடு இருக்கிறதா? நேரான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள். உங்கள் பையில் பெரும்பாலும் 7 கிலோ வரைதான் அவர்களிடம் கொடுக்கலாம் என்பார்கள். 'இன்னும் ஒரு ஜாக்கெட்' என்று திணிக்கும்போது, அது யாரோ ஒருவர் 4,215 மீட்டருக்குத் தூக்கப்போவது என்பது நினைவில் இருக்கட்டும்.

பெர்மிட் கிடைக்கலைன்னா?

104-வது கிலோமீட்டரில் இறங்கி, வின்யாய் வைனா வழியாக ஒரே நாளில் சூரிய வாசலை அடையும் குறுகிய பாதை இருக்கிறது. இதற்கும் பெர்மிட் வேண்டும், ஆனால் உயரம் குறைவு. சல்கந்தாய் பாதைக்கு இன்கா ட்ரெயில் போன்ற நெருக்கடியான பெர்மிட் இல்லை. ஆனால் கணவாய் 4,600 மீட்டரைத் தாண்டும், எனவே 'ஈஸியான மாற்று' என்று நம்பிவிடாதீர்கள். கூட்டமே வேண்டாம் என்றால் சோக்கெகிராவ். அபுரிமாக் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறிப் போக வேண்டிய இன்கா நகரம். இன்றும் நடந்துதான் போக முடியும்.

கடைசி நாள் காலை

நாலாம் நாள் விடியலில் நீங்கள் சூரிய வாசலை நோக்கி நடக்கும்போது, போர்ட்டர்கள் உங்களோடு வருவதில்லை. கூடாரங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு, காலை ரயிலைப் பிடிக்க அடிவாரத்துக்கு இறங்கிவிடுவார்கள். அவர்கள் தூக்கி வந்த பயணத்தின் கடைசிக் காட்சி அவர்களுக்குக் கிடையாது.

எனவே நன்றி சொல்வதை மச்சு பிச்சு வரை தள்ளிப்போடாதீர்கள். மூன்றாம் நாள் இரவே சொல்லிவிடுங்கள். டிப்ஸை நேராக அவரவர் கையில் கொடுங்கள். கெச்சுவாவில் நன்றிக்கு 'சுல்பாய்கி' என்பார்கள்.