கட்டைவிரல் வீரனுக்கு ஒரு காயம்

கொலுப் படியில் நரசிம்மர் பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். மடியில் இரணியன், வயிற்றில் பதிந்த நகங்கள், சுற்றிலும் நாலைந்து சிவப்புக் கோடுகள். பக்கத்துப் படியில் கண்ணப்ப நாயனார் அம்பும் கையுமாக நிற்பார். சிவலிங்கத்தின் கண்ணிலிருந்து சிவப்பாக ஒரு கோடு இறங்கும். சுண்டலுக்கு வந்த குழந்தைகள் இதையெல்லாம் பார்த்துப் பயந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பொம்மைக்கு ரத்தம் வைப்பது நமக்கொன்றும் புதுவேலை இல்லை.

ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, மேலகரத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழைய கொலு பொம்மைகளுக்கு வர்ணம் புதுப்பித்துக் கொடுக்கிறேன். நவராத்திரி நெருங்கினால் மூக்குடைந்த செட்டியாரும் புல்லாங்குழல் போன கிருஷ்ணரும் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் இப்போது அயல்நாட்டு வீரர்களும் சேர்ந்துவிட்டார்கள். பெங்களூரில் படிக்கும் பேரன் கொண்டுவந்த பிளாஸ்டிக் படை அது. ஒவ்வொருவனும் கட்டைவிரலில் பாதி உயரம்.

இரண்டு பேர் மேஜைமேல் எதிரெதிராகப் படையை நிறுத்தி, அளவு நாடாவால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி வெற்றி தோல்வி பார்க்கிற விளையாட்டு இது. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-லேயே இதுபோன்ற பொம்மைப் போருக்கு விதிகள் வகுத்து 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகம் போட்டார். இன்று உலகமெங்கும் ஆடப்படும் 'வார்ஹேமர்' 1983-ல் வந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் உள்ள கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தின் சரக்கு. வீரர்கள் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் வருவார்கள். வெட்டி, ஒட்டி, வர்ணம் பூசுவது வாங்கியவர் பாடு. ஆடுவதைவிடப் பூசுவதில் பைத்தியமானவர்கள் அதிகம் என்கிறான் பேரன்.

முதல் வீரனை முடித்தபோது வாள் நுனியில் மட்டும் கொஞ்சம் சிவப்பு வைத்தேன். "தாத்தா, இன்னும் நல்லா ஊத்துங்க. சண்டை போட்டுட்டு வந்தவன் மாதிரியே இல்லையே" என்றான். "ஏல, ஊத்துறதுக்கு இதென்ன ஐந்தருவியா?" என்றேன். ஆனால் அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கொஞ்சமாக வைத்தாலும் ரத்தம் மாதிரி தெரிய வேண்டுமே!

தெரியாமல் போவதற்கு முதல் காரணம் அளவு. பாதத்திலிருந்து கண் வரை 28 மில்லிமீட்டர் என்பது இந்தப் பொம்மைகளின் பழைய கணக்கு. நிஜ மனிதனை ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்காகச் சுருக்கியது. நாம் பிரஷ் நுனியால் வைக்கும் ஒரு மில்லிமீட்டர் புள்ளி, அவன் உடம்பில் ஆறு சென்டிமீட்டர் கறை. நிஜமாகச் சிந்தும் ஒரு சொட்டு ரத்தம் நாலைந்து மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். அதை அறுபதால் வகுத்தால் கண்ணுக்கே தட்டுப்படாது. அதனால்தான் அள்ளிப் பூசிய பொம்மை, காயம்பட்டவனாகத் தெரியாமல் பெயின்ட் டப்பாவில் விழுந்தவனாகத் தெரிகிறது.

இரண்டாவது, நிறம். கடைச் சிவப்பை அப்படியே வைத்தால் அது தபால்பெட்டிச் சிவப்பு. ரத்தத்துக்கு நிறம் தருவது ஹீமோகுளோபின்; அதில் இரும்பு இருக்கிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் பளிச்சென்று இருக்கும்; ஆக்சிஜன் குறைந்தது கருஞ்சிவப்பு. வெளியே வந்து காயக் காய அந்த இரும்பு மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து மெத்ஹீமோகுளோபினாக மாறும். நிறம் பழுப்புக்குப் போய், கடைசியில் கறுப்பை ஒட்டி நிற்கும். ஆகவே பிரஷை எடுக்குமுன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன்: காயம் எங்கே? பட்டு எவ்வளவு நேரம்? ரத்தம் எந்தப் பக்கம் ஓடும்? மூன்றுக்கும் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இந்த ஆட்டக்காரர்கள் விரும்பி வாங்குவது இரண்டு புட்டி. ஜப்பானின் டமியா நிறுவனத்து 'எக்ஸ்-27 கிளியர் ரெட்' ஒன்று. கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் பளபளப்புச் சிவப்பு. கேம்ஸ் வொர்க்‌ஷாப் ரத்தத்துக்கென்றே விற்கும் 'பிளட் ஃபார் தி பிளட் காட்' இன்னொன்று. தென்காசி ஸ்டேஷனரிக் கடையில் இவற்றை எதிர்பார்க்க முடியாது. அக்ரிலிக்கில் கிரிம்சன், பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு, கொஞ்சம் பளபளப்பு வார்னிஷ் – இந்த மூன்றும் எனக்குப் போதும்.

இந்த மூன்றையும் வைத்து எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவரையே செய்து பார்த்தேன். நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் தளபதி வெண்ணிக் காலாடி. எதிரியின் வெட்டில் குடல் சரிந்தபோது, தலைப்பாகைத் துணியால் வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி வாளெடுத்தார் என்பது இந்தப் பக்கம் வழங்கும் கதை. எம்-சீலில் மூன்று அங்குல உயரத்துக்கு உருவம் பிடித்தேன்.

கதையிலேயே ரத்தத்துக்கு வழி சொல்லியிருக்கிறது. காயம் துணிக்குள் இருக்கிறது. எனவே வெளியே தெரிவது ஊறல் மட்டும். துணிமேல் முதலில் சுத்தமான தண்ணீர் தடவி, ஈரம் இருக்கும்போதே நீர்த்த பழுப்புச் சிவப்பை நடுவில் தொட்டு வைத்தேன். அது தானாகப் பரவி, ஓரத்தில் ஒழுங்கில்லாமல் நின்றது. அந்த ஒழுங்கின்மைதான் வேண்டும். காய்ந்த பிறகு அதைவிடச் சிறிய வட்டத்தில் கிரிம்சன். நடுவில் மறுபடி அடர்பழுப்பு. துணி ரத்தத்தைக் குடித்துவிடும், ஆகவே அங்கே பளபளப்பு கூடாது.

துணியைத் தாண்டித் தொடையில் இறங்கும் ஒரு கோட்டுக்குத்தான் பளபளப்பு. மேலே மெலிந்து, தசையின் வளைவைச் சுற்றி இறங்கி, முடிகிற இடத்தில் திரண்டு நிற்க வேண்டும். திரண்ட இடத்தில் நிறம் அடர்த்தி. முடிச்சுப் போட்ட கையில் இரண்டு விரல் ஓரம் மட்டும் சிவந்தால் போதும். வாளில் இருப்பது எதிரியின் ரத்தம். அது வெட்டும் ஓரத்தில் இருக்கும், முதுகுப் பக்கம் இருக்காது. வாளை ஓங்கிப் பிடித்திருந்தால் நுனியிலிருந்து கைப்பிடியை நோக்கி இறங்கும்.

தெறித்த துளிகளுக்குப் பழைய டூத் பிரஷ். வர்ணத்தைத் தொட்டு, முதலில் காகிதத்தில் தட்டி, அதிகமானதைக் கழித்துவிட்டு, பொம்மையின் முகத்தை மறைத்துக்கொண்டு விரலால் பிரஷ் மயிரை நெருட வேண்டும். சாய்வாக விழும் துளி நீண்டு போகும். அதன் வால், துளி போன திசையைக் காட்டும். வெட்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அதற்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேட் வார்னிஷ் அடிப்பதாக இருந்தால் ரத்தத்துக்கு முன்பே அடித்துவிட வேண்டும். பிறகு அடித்தால் ஈரமாகத் தெரிய வேண்டிய இடமெல்லாம் மங்கிவிடும். சாரல் காலத்தில் இந்த வேலையே வேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஸ்பிரே வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும். ஜூன், ஜூலையில் குற்றாலத்துக்கு ஊரே திரண்டு வரும்போது என் வார்னிஷ் டப்பாவுக்கு விடுமுறை.

நம் பழைய ஆட்களுக்கு இந்த நுணுக்கம் தெரியாதா என்று பேரன் கேட்டான். அவர்கள் வைத்த சிவப்புக்கு வேலையே வேறு. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கிறது. காரம் பட்டதும் மஞ்சளிலுள்ள குர்குமின் நிறம் மாறுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பகவதி கோயில்களில் இதே கலவைதான் குருதி. இங்கே திருஷ்டிப் பூசணிக்காய்க்குள் குங்குமம். ரத்தத்துக்குப் பதில் நிற்கிற சிவப்பு மங்கலமாக இருக்க வேண்டும் என்று கருதினார்கள். கோயில் கொடைக்கு முன்னால் இசக்கியம்மன் சிலைக்கு வர்ணம் அடிப்பவர், வாயோரச் சிவப்பை எனாமலில் பளிச்சென்று வைப்பதும் அப்படித்தான். தூரத்தில் நிற்கிற பக்தனுக்கு அது தெரிந்தாக வேண்டும். கீழப்பாவூர்ப் பதினாறு கை நரசிம்மரைப் பார்த்துவிட்டு வந்து கொலு வைக்கிறவர்களுக்கு, படியில் இருக்கிற நரசிம்மரிடம் காய்ந்த பழுப்பு ரத்தம் தேவையில்லை. வந்த நரசிம்மருக்கெல்லாம் நான் இன்றும் அந்தப் பளிச்சென்ற கோட்டைத்தான் போட்டுக் கொடுக்கிறேன்.

சினிமாக்காரர்களுக்கும் இந்தச் சூட்சுமம் தெரியும். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' 1960-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். குளியலறைக் காட்சியில் ஓடியது சாக்லேட் சிரப். பார்க்கிறவன் கண்ணுக்கு எது ரத்தமோ அதுதான் அங்கே ரத்தம்.

வீட்டுப் பிள்ளைகள் இதில் இறங்கினால் 'என்ன விபரீத ஆசை' என்று தடுக்காதீர்கள். ஒரு காயத்தை ஒழுங்காக வரைய உடற்கூறும் வேதியியலும் புவியீர்ப்பும் கொஞ்சம் கொஞ்சம் தெரிய வேண்டியிருக்கிறது. பொறுமை நிறைய வேண்டியிருக்கிறது. பரணில் கிடக்கும் உடைந்த பொம்மை ஒன்றை எடுத்துக் கொடுங்கள். ஒரு பொம்மைக்கு ஒரு காயம் என்று கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டாவது காயம் வைக்கக் கை பரபரத்தால், பிரஷைக் கழுவி வைத்துவிட வேண்டியதுதான்.